எப்போது மாற்றுவது?

பழைய சாமானை எப்போது மாற்றுவது என்பதில் நம் ஜனங்கள் இரண்டு கட்சி. ஒரு கட்சியார், புதியது கடைக்கு வந்த அன்றே மாற்றிவிட வேண்டும் என்பவர்கள். மற்றக் கட்சியார், சாமான் தானாகப் பிராணனை விட்டாலொழிய அதன்மேல் கை வைக்கக் கூடாது என்பவர்கள். முதல் கட்சிக்குப் பெரும்பாலும் பிள்ளைகளும், இரண்டாவது கட்சிக்குப் பெரும்பாலும் தகப்பனார்களும் தலைமை வகிக்கிறார்கள். தாய்மார்கள் சபாநாயகர் ஸ்தானத்தில் இருந்துகொண்டு, எந்தப் பக்கம் சத்தம் அதிகமோ அந்தப் பக்கத்தை உட்காரச் சொல்லுகிறார்கள்.

வேஷ்டி, செருப்பு, குடை முதலியவற்றின் விஷயத்தில் இந்தச் சண்டைக்கு அவ்வளவு இடமில்லை. வேஷ்டி கிழிகிறது, செருப்பின் வார் அறுகிறது, குடை ஐப்பசிக் காற்றில் மேற்புறமாக மலர்ந்துவிடுகிறது. சாமானே தன் வாயால் ‘போதும்’ என்று சொல்லிவிடுகிறது. கம்ப்யூட்டருக்குள் இருக்கும் பிராஸஸர் அப்படிச் சொல்லுவதில்லை. தேய்வதற்கு அதில் சக்கரம் இல்லை. இற்றுப் போவதற்கு நூல் இல்லை. 2017-ஆம் வருஷம் வாங்கின பிராஸஸர், வாங்கின அன்று விநாடிக்கு எத்தனை கணக்குப் போட்டதோ அத்தனை கணக்கை இன்றைக்கும் போடக் கூடியதுதான். ஆனாலும் வீட்டில் எல்லாரும் ‘அது கிழமாகிவிட்டது’ என்கிறார்கள். அது கிழமாகவில்லை. நாம் அதன் தலையில் ஏற்றுகிற மூட்டைதான் வருஷத்துக்கு வருஷம் பெருத்துக்கொண்டு போகிறது.

‘உமக்கு எதற்கையா இந்த ஆராய்ச்சி? நீர் கதை எழுதுகிறவர் அல்லவா?’ என்று வாசகர்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். நான் கதை எழுதுகிற கம்ப்யூட்டருக்குப் பன்னிரண்டு வயசு. நான் ஒரு வாக்கியத்தை யோசித்து முடிப்பதற்குள் அது பல நூறு கோடிக் கணக்குகளைப் போட்டு முடித்துவிட்டு, அடுத்த எழுத்து எப்போது வரும் என்று கொட்டாவி விட்டுக்கொண்டிருக்கிறது. அதற்காக நான் காத்திருந்த நாள் கிடையாது. எனக்காகத்தான் அது காத்திருக்கிறது. வேகம் போதவில்லை என்று எதையாவது மாற்றுவதானால் என்னைத்தான் மாற்ற வேண்டும். அதற்கு ரிச்சி தெருவில் கடை இல்லை.

ஆகவே இந்த ஞானம் எனக்கு என் வீட்டில் பிறக்கவில்லை. கிழக்குத் தாம்பரத்தில் என் எதிர் வீட்டில் பிறந்தது.

எதிர் வீட்டு நண்பர் தாம்பரம் மின்சார ரயில் ஷெட்டில் ஆயுள் முழுவதும் வேலை பார்த்து, 2017-இல் ஓய்வு பெற்றவர். ஓய்வு பெற்ற கையோடு, இன்ஜினீயரிங் படித்துக்கொண்டிருந்த பிள்ளைக்கு ஒரு கம்ப்யூட்டர் வாங்கிக் கொடுத்தார். ‘படிப்புக்கு’ என்று அவர் சொன்னார். ‘ஆமாம், படிப்புக்குத்தான்’ என்று பிள்ளையும் சொன்னான். விளையாட்டுக்கென்றே பார்த்துப் பார்த்துச் சேர்த்த கம்ப்யூட்டர் அது என்பது தெருவில் மற்ற எல்லாருக்கும் தெரிந்திருந்தது. பிறகு அவன் படித்து முடித்து, சோழிங்கநல்லூரில் வேலைக்குச் சேர்ந்து, தன் சம்பளத்தில் 2022-இல் அதற்கு ஒரு புதுக் கிராபிக்ஸ் கார்டும் வாங்கிப் போட்டான். பிராஸஸர் மட்டும் பழையதே. ரைஸன் 5 1600 என்று அதற்குப் பெயர். 2017 ஏப்ரலில் வெளிவந்தது. அதற்குள்ளே ஆறு ‘கோர்’கள். ஒரு சமையற்கட்டில் ஆறு சமையற்காரர்கள் இருப்பதுபோல் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இந்தப் பிள்ளையாண்டானுக்கு ஓர் அக்கா உண்டு. கல்யாணமாகி டொராண்டோவில் இருக்கிறாள். எட்டு வயசில் ஒரு பையன். சனிக்கிழமை இரவு எட்டு மணிக்கு இங்கே அக்காளும் தம்பியும் மருமகனும் கம்ப்யூட்டரில் ஒன்றுசேர்ந்து விளையாடுவது நாலு வருஷத்து வழக்கம். அங்கே அப்போது குளிர்காலமானால் காலை ஒன்பதரை. விளையாட்டு என்னவோ யுத்தம்தான். ‘ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ்’ என்பதன் இரண்டாம் பாகம். குடியானவர்களை வைத்து விறகு வெட்டி, வயல் உழுது, கோட்டை கட்டி, கடைசியில் படை திரட்டிச் சண்டை போட வேண்டும். 2022-இல் அந்த விளையாட்டில் திராவிடர்களையும் ஒரு கட்சியாகச் சேர்த்தார்கள். ராஜேந்திர சோழனின் படையெடுப்பு அதில் ஒரு தனிக் கதை. திரிசடை என்று ஒரு கப்பல், சுருள்வாள் வீரர்கள் என்று ஒரு படை. குடியானவனைத் தொட்டால் அவன் தமிழில் பதில் சொல்லுகிறான். டொராண்டோ பையன் பள்ளிக்கூடத்தில் இங்கிலீஷ் பேசுகிறான். அம்மா கேட்டால் இங்கிலீஷிலேயே பதில் சொல்லுகிறான். சனிக்கிழமைகளில் மாத்திரம் அந்தக் குடியானவர்களோடு சேர்ந்து தமிழ் பேசுவான். எதிர் வீட்டு அம்மாள் யுத்தத்தைப் பார்ப்பதில்லை. நாற்காலியைப் பக்கத்தில் போட்டுக்கொண்டு, கீரை ஆய்ந்துகொண்டே, மகளின் குரலையும் பேரனின் குரலையும் கேட்டுக்கொண்டிருப்பாள்.

தொல்லை 2025 மழைக்காலத்தில் முற்றியது. முதல் முக்கால் மணி நேரம் விளையாட்டு சரியாகத்தான் போகும். பிறகு படைகள் நூற்றுக்கணக்கில் பெருகிச் சண்டை தொடங்கியதும், எல்லாம் முடிச்சூர் வெள்ளத்தில் நடப்பதுபோல் நடக்கும். ஓங்கின வாள் இறங்குவதற்குள் ஒரு வாய் காப்பி குடித்துவிடலாம். தாம்பரத்தில் மட்டும் அப்படி என்றால் பாதகமில்லை. டொராண்டோவிலும் அப்படியே. “மாமா, உன் கம்ப்யூட்டர் தூங்குது” என்று பையன் கத்துவான். கொஞ்ச நாளில், “இந்த வாரம் வேண்டாண்டா, இவனுக்கு நீச்சல் கிளாஸ் இருக்கு” என்று அக்கா சொல்ல ஆரம்பித்தாள். அடுத்த வாரம் ஹோம்வொர்க். அதற்கு அடுத்த வாரம் காரணம் சொல்லவே இல்லை. மூன்று சனிக்கிழமை எதிர் வீட்டில் கீரை ஆய்வது அடுக்களையிலேயே நடந்தது.

பிள்ளை ஒரு காகிதத்தில் கணக்கு எழுதினான். புதுப் பிராஸஸர், புது மதர்போர்டு, புது ரேம், புது எஸ்.எம்.பி.எஸ்., புதுக் காபினெட், எல்லாம் சேர்த்து 98,000 ரூபாய். மாதத் தவணை.

“ஓடுற வண்டிக்கு எதுக்குடா ஒரு லட்சம்?” என்றார் தகப்பனார்.

“ஓடலையேப்பா, தவழுது!” என்றான் பிள்ளை.

சத்தம் அதிகமாகவே, இரண்டு பேரும் தெருவைக் கடந்து என் திண்ணைக்கு வந்துவிட்டார்கள். எழுத்தாளன் என்றால் நடுநிலைமை உள்ளவன் என்று ஒரு தப்பபிப்பிராயம் நம் ஊரில் இருக்கிறது. நான் காப்பிக்குச் சொல்லிவிட்டு, பேசாமல் கேட்டுக்கொண்டிருந்தேன்.

ரயில்வே நண்பர் கேட்ட கேள்வியில்தான் எல்லாம் அடங்கியிருந்தது. “எங்கே தாமதம் ஆகுதுன்னு பார்த்தியா?” என்றார்.

“எட்டு வருஷத்துச் சரக்குப்பா. பார்க்கிறதுக்கு என்ன இருக்கு?”

“ஷெட்டுல வயசைக் கேட்டா சக்கரத்தை மாத்துவோம்? அளவுகோலை வெச்சுப் பார்ப்போம். தேஞ்சிருந்தா கடைசல் போடுவோம். கடைசலுக்கும் மிச்சமில்லேன்னா அப்பத்தான் மாத்துவோம். நீ அளந்து பார்த்துட்டு வா. பணத்தைப் பத்தி அப்புறம் பேசலாம்.”

இதில் பிள்ளைக்கும் வாதாட ஒன்றுமில்லை. அளப்பது என்று இறங்கிவிட்டால் இன்றைய பிள்ளைகள் கெட்டிக்காரர்கள். படத்தின் அழகையெல்லாம் குறைத்து, தண்ணீரின் பளபளப்பையும் நிழல்களையும் எடுத்துவிட்டு, சின்னப் படமாக வைத்து விளையாடிப் பார்த்தான். கிராபிக்ஸ் கார்டு மூச்சு வாங்குகிறது என்றால், இப்படிச் சுமையைக் குறைத்தவுடன் வேகம் கூட வேண்டும். கொஞ்சமும் கூடவில்லை. கார்டு செய்கிற வேலையைக் காட்டும் அளவு, சண்டையின் உச்சத்திலும் 30 சதவீதத்தைத் தாண்டவில்லை. ஆகக் கார்டு குற்றவாளி அல்ல.

“பிராஸஸரைப் பார்” என்றார் நண்பர். பார்த்தான். அது 20 சதவீதம் என்று காட்டியது.

“பார்த்தியா? அதுவும் சும்மாத்தான் இருக்கு!” என்று நண்பருக்கு ஒரே சந்தோஷம்.

இங்கேதான் பலர் ஏமாந்துபோகிறார்கள். 20 சதவீதம் என்பது எல்லாக் கோர்களுக்கும் சேர்த்துப் போட்ட சராசரி. தனித்தனியாகப் பிரித்துப் பார்த்தபோது, ஒரு கோர் மட்டும் தலைமுதல் கால்வரை வேர்த்து வழிய வேலை செய்துகொண்டிருந்தது. மற்ற ஐந்தும் அநேகமாகத் திண்ணையில் உட்கார்ந்து வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தன. இருபத்தைந்து வருஷத்துக்கு முன் பிறந்த விளையாட்டு இது. அதன் வேலையில் பெரும்பகுதியைப் பங்கு போட முடியாது. ரசத்துக்கு ஒருவர்தான் தாளிக்கலாம். ஆறு பேர் கரண்டி பிடித்தால் ரசம் சீக்கிரம் ஆகாது. பங்கு போட முடியாத பகுதி எவ்வளவோ அதுதான் மொத்த வேகத்துக்கு எல்லை கட்டுகிறது என்று ஜீன் அம்டால் என்ற கம்ப்யூட்டர் நிபுணர் 1967-லேயே சொல்லிவைத்தார். நம் வீட்டுக் கல்யாணங்களில் அதற்கு முன்பே தெரியும்.

இதிலிருந்து கிடைத்த பாடம் பெரிது. ‘ஆறு கோர் போதவில்லை, பதினாறு கோர் வாங்கு’ என்று ஒருவர் யோசனை சொல்லியிருந்தால், பதினைந்து பேர் வெற்றிலை போட்டுக்கொண்டிருப்பார்கள். வேண்டியது அதிக ஆட்கள் அல்ல; இன்னும் வேகமாகத் தாளிக்கிற ஓர் ஆள்.

சரி, தாம்பரத்துக் கம்ப்யூட்டர் மெதுவானால் டொராண்டோ ஏன் மெதுவாக வேண்டும்? இதற்கான காரணம் மிகவும் ரசமானது. இந்த விளையாட்டின் முதல் பாகம் 1997-இல் வந்தது. அன்றைய டெலிபோன் கம்பி வழியாக, நூற்றுக்கணக்கான வீரர்கள் ஒவ்வொருவரும் எங்கே நிற்கிறார், எத்தனை காயம் பட்டிருக்கிறார் என்பதையெல்லாம் ஓயாமல் அனுப்பிக்கொண்டிருக்க முடியாது. ஆகவே, ஆடுகிறவர்கள் இடும் கட்டளைகளை மட்டும் அனுப்புவது என்றும், யுத்தம் முழுவதையும் ஒவ்வொரு கம்ப்யூட்டரும் தானே கணக்குப் போட்டுக்கொள்வது என்றும் ஏற்பாடு செய்தார்கள். எல்லாரும் ஒரே கணக்கை ஒரே மாதிரி போட்டால் எல்லா ஊரிலும் ஒரே யுத்தம் நடக்கும் அல்லவா? இதைச் செய்தவர்களே 2001-இல் ஒரு கட்டுரை எழுதினார்கள்; மெல்லிய டெலிபோன் கம்பியில் 1500 வில்லாளிகளை எப்படி நடத்தினோம் என்பது அதன் விஷயம். 1999-இல் இரண்டாம் பாகம் வந்தது; 2019-இல் அதைப் புதுப்பித்து வெளியிட்டார்கள். அடிப்படை ஏற்பாடு அதேதான்.

இந்த ஏற்பாட்டில் ஒரு நிபந்தனை உண்டு. எல்லாக் கம்ப்யூட்டர்களும் சேர்ந்தே அடியெடுத்து வைக்க வேண்டும். ஒன்று கணக்கை முடிக்கவில்லையென்றால் மற்றவை அதற்காக நிற்கும். தேர் இழுப்பதுபோல, நொண்டுகிறவர் ஒருவர் வடத்தில் இருந்தால் தேரே நொண்டும். ஆக, எதிர் வீட்டில் இருந்த பழைய பிராஸஸர் ஒரு பிள்ளையின் விளையாட்டை மட்டும் கெடுக்கவில்லை. கடல் கடந்து இரண்டு பேரைக் காக்க வைத்துக்கொண்டிருந்தது. அளந்து பார்த்ததும் எதிர் வீட்டு அம்மாளுக்கு இது விளங்கிவிட்டது. “நம்மாலதான் அவங்க நிக்கிறாங்களா?” என்று கேட்டாள். அதற்குப் பிறகு ‘ஓடுற வண்டிதானே’ என்ற பேச்சை நண்பர் எடுக்கவில்லை.

ஆனால் அவர் பணத்தையும் எடுக்கவில்லை. “முதல்ல கடைசல் போடு” என்றார்.

கம்ப்யூட்டருக்குக் கடைசல் போடுவது என்றால் என்ன? முதலாவது, தூசி. ஜி.எஸ்.டி. சாலைக்கு அருகில் எட்டு வருஷம் இருந்த பெட்டி அது. திறந்தபோது விசிறியின் இறக்கைகளுக்கு நடுவே ஒரு சின்னத் தலையணைக்கு வேண்டிய பஞ்சு இருந்தது. பிராஸஸருக்கும் அதைக் குளிரவைக்கும் உலோகக் கட்டிக்கும் நடுவே தடவுகிற தெர்மல் பேஸ்ட் காய்ந்து விபூதியாகியிருந்தது. பிராஸஸர் சூடு தாங்காவிட்டால் தன்னைக் காப்பாற்றிக்கொள்ளத் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். நம் ஊர் வெயிலில் இதை யாரும் மறக்கக் கூடாது. தேய்கிற பொருளல்ல பிராஸஸர் என்று மேலே சொன்னேன். அதைச் சுற்றியிருக்கிற பொருள்கள் தேய்கிறவைதான். சுத்தம் பண்ணிப் புதுப் பேஸ்ட் தடவினதும் 90 டிகிரிக்கு மேல் போய்க்கொண்டிருந்த சூடு 72-க்கு இறங்கியது. செலவு 300 ரூபாய்க்கு உள்ளே.

இரண்டாவது, ரேம். வாங்கின ரேமின்மேல் 3000 என்று வேகம் அச்சடித்திருந்தது. பயாஸில் அதற்கான ஏற்பாட்டைத் தட்டிவிட்டால்தான் அந்த வேகத்தில் ஓடும்; இல்லாவிட்டால் 2133-இலேயே ஓடிக்கொண்டிருக்கும். எட்டு வருஷமாக அப்படித்தான் ஓடிக்கொண்டிருந்தது. ரைஸன் வகைப் பிராஸஸர்களில் உள்ளே செய்தி போகும் பாதையின் வேகமும் ரேமின் வேகத்தோடு பிணைந்தது. ஆகையால் இது அற்ப விஷயமல்ல. தட்டிவிடச் செலவு ஒன்றுமில்லை.

இந்த இரண்டு வைத்தியத்துக்கும் பிறகு யுத்தம் நன்றாகவே தேறியது. மூன்று பேருக்குள் நடக்கிற சின்னச் சண்டை முழுக்கச் சரியாகிவிட்டது. அநேகம் வீடுகளில் விவகாரம் இதோடு தீர்ந்துபோகும். புதுப் பிராஸஸருக்கு அவசியமே இராது. ஆனால் இவர்களுக்குப் பெரிய சண்டைதான் பிடித்தம். எட்டுக் கட்சி, கட்சிக்கு இருநூறு உயிர். அதில் இன்னும் தவழ்ந்தது. சக்கரத்தில் கடைசலுக்கு மிச்சமில்லை என்று நண்பரே ஒப்புக்கொண்டார்.

இனி எதை மாற்றுவது? பிராஸஸர் உட்காருகிற குழிக்கு ‘சாக்கெட்’ என்று பெயர். ஒரு சாக்கெட்டுக்கு ஏற்ற பிராஸஸரை மற்றதில் வைக்க முடியாது. எதிர் வீட்டு மதர்போர்டில் இருந்தது ஏ.எம்.டி. கம்பெனியின் ஏ.எம்.4 சாக்கெட். இது 2016-இல் வந்தது. போட்டிக் கம்பெனியான இன்டெல் அதற்குப் பின் பல தடவை சாக்கெட்டை மாற்றியிருக்கிறது. 2020-இல் ஒன்று, 2021-இல் ஒன்று, 2024-இல் ஒன்று. ஏ.எம்.4 மட்டும் நிலைத்து நின்றது. அதிலும் ஒரு சச்சரவு நடந்தது. 2020-இல் புதுப் பிராஸஸர்கள் வந்தபோது பழைய மதர்போர்டுகளில் அவை ஓடா என்று கம்பெனி சொன்னது. வாங்கினவர்கள் கூச்சல் போட்டார்கள். கம்பெனி இறங்கிவந்து நடுத்தர வயசுப் போர்டுகளுக்கு வழிவிட்டது. 2022-இல் எதிர் வீட்டில் இருப்பது போன்ற முதல் தலைமுறைப் போர்டுகளுக்கும் அனுமதி கிடைத்தது. பயாஸைப் புதுப்பித்தால் போதும். கூச்சல் போடுவதனால் பிரயோஜனமில்லை என்று சொல்லுகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

ஆக இரண்டு வழிகள். ஒன்று, அதே குழியில் 2022-இல் வந்த ரைஸன் 5 5600-ஐ உட்கார வைப்பது. இதற்கும் ஆறே கோர். ஆனால் ஒவ்வொரு கோரும் பழையதைவிட ஏறக்குறைய ஒன்றரை மடங்கு வேகம். அவசர நினைவுக்காகப் பிராஸஸருக்குள்ளேயே இருக்கும் கிடங்கும் இரட்டிப்பு. 16 மெகாபைட்டுக்குப் பதில் 32. மின்சாரம் பழைய அளவேதான். மற்றொன்று, 2022 செப்டம்பரில் வந்த ஏ.எம்.5 சாக்கெட்டுக்குத் தாவுவது. இதற்கு மதர்போர்டும் மாற வேண்டும், ரேமும் டி.டி.ஆர்.5 என்ற புது ஜாதியாக மாற வேண்டும்.

நண்பருக்கு இதை நான் ரயில் பாஷையில் சொன்னேன். பீச்–தாம்பரம் மின்சார ரயில் 1931-இல் வந்தபோது 1500 வோல்ட் நேர் மின்சாரத்தில் ஓடியது. 1960-களின் பிற்பகுதியில் அதை 25,000 வோல்ட் மாறு மின்சாரமாக்கினார்கள். கம்பிக்குள் ஓடுகிற சக்தி மாறியது; மீட்டர் கேஜ் தண்டவாளம் அப்படியே இருந்தது. 2004-இல்தான் மீட்டர் கேஜ் ரயில் நின்று, எல்லாம் அகலப் பாதை ஆயிற்று. தண்டவாளத்தில் இன்னும் உயிர் இருக்கும்போது சக்தியை மாற்று. பாதையே போதாதபோது பாதையை மாற்று. நண்பர் மிகவும் யோசித்துவிட்டு, “அப்போ இது இன்னும் அறுபதுகள்தான்” என்று தீர்ப்புச் சொன்னார்.

பிள்ளைக்குப் பாதை மாற்றத்தின்மேல்தான் ஆசை. “அடுத்த வருஷம் இன்னும் நல்லது வருமேப்பா!” என்றான். வரும், வராமல் எங்கே போகும்? ஒரு சில்லில் அடங்கும் உறுப்புகள் வருஷந்தோறும் இரட்டிப்பாகும் என்று கார்டன் மூர் 1965-இல் எழுதினார். 1975-இல் அதை இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை என்று திருத்திக்கொண்டார். அன்று முதல் ‘அடுத்த வருஷம்’ என்ற வார்த்தை இந்த வியாபாரத்தின் மூல மந்திரம் ஆகிவிட்டது. அடுத்த வருஷத்தை நம்பி இந்த வருஷம் வாங்காமலிருப்பவனும், அடுத்த வருஷத்துக்கு வேண்டும் என்று இந்த வருஷமே வாங்கி வைப்பவனும் ஒரே பஞ்சாங்கத்துக்கு அடிமைகள்.

அந்தச் சமயம் பார்த்து ரேம் விலையும் ஏறிக்கொண்டிருந்தது. செயற்கை அறிவுக்கென்று உலகெங்கும் எழுப்புகிற கணினிக் கிடங்குகள் நினைவுச் சில்லுகளையெல்லாம் விழுங்கிவிட, 2025-இன் கடைசி மாதங்களில் டி.டி.ஆர்.5 ரேமின் விலை மடங்குக் கணக்கில் உயர்ந்தது. டிசம்பரில் மைக்ரான் கம்பெனி, ‘குருஷியல்’ என்ற பெயரில் வீடுகளுக்கு ரேம் விற்கிற வியாபாரத்தையே விட்டுவிடப்போவதாக அறிவித்தது. பிள்ளையின் 98,000 ரூபாய்க் காகிதம் ஒரு மாதத்துக்குள் 1,16,000 ஆகிவிட்டது. பழைய ரேமை அப்படியே வைத்துக்கொள்ளலாம் என்பதே அப்போது ஒரு பெரிய லாபமாகத் தோன்றியது.

விண்டோஸ் விவகாரமும் ஒன்று இருந்தது. விண்டோஸ் 10-க்கு மைக்ரோஸாப்ட் இலவசப் பாதுகாப்புத் திருத்தங்கள் அளிப்பது 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்தது. பதிவு செய்துகொண்டவர்களுக்கு மேலும் ஒரு வருஷம் நீட்டிப்பு. விண்டோஸ் 11 ஏற்றுக்கொள்ளும் பிராஸஸர் பட்டியலில் 1600 இல்லை, 5600 இருக்கிறது. பிராஸஸர் பட்டியலிலிருந்து விழுந்ததனால் ஒரு கணக்குக்கூட மெதுவாகிவிடாது. என்றாலும் பூட்டுச் சரியில்லாத வீட்டில் எத்தனை நாள் குடியிருப்பது?

ஒரு சனிக்கிழமை காலை மூவரும் தாம்பரத்தில் ரயிலேறி எழும்பூரில் இறங்கி, ஆட்டோ பிடித்து ரிச்சி தெருவுக்குப் போனோம். ரிச்சி தெருவில் நடப்பதற்கு இடமில்லை, நகர்வதற்கு உண்டு. ஒரு கடைக்காரர் எங்களைப் பார்த்ததும் புது செட் முழுவதற்கும் விலை சொல்ல ஆரம்பித்தார். நண்பர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, பையிலிருந்து மதர்போர்டின் பெயர் எழுதின துண்டுச் சீட்டை எடுத்து வைத்து, “இதுக்குள்ள உக்கார்றது ஒண்ணு கொடுங்க, பில்லோட” என்றார். 10,600 ரூபாய் ஆயிற்று. பிள்ளை தன் சேமிப்பிலிருந்து கொடுத்தான்; தவணை இல்லை. திரும்பும்போது மாம்பலத்தில் உட்கார இடம் கிடைத்தது. அந்தச் சின்ன அட்டைப் பெட்டியை நண்பர் தாம்பரம் வரை மடியிலேயே வைத்துக்கொண்டு வந்தார்.

மாற்றுகிற வேலையில் இரண்டு கண்டங்கள் உண்டு. முதல் கண்டம் பயாஸ். புதுப் பிராஸஸரைப் பழைய பயாஸுக்கு அடையாளம் தெரியாது. ஆகவே பழைய பிராஸஸர் இருக்கும்போதே பயாஸைப் புதுப்பித்துவிட வேண்டும். அந்தச் சில நிமிஷங்களில் மின்சாரம் போனால் மதர்போர்டு செங்கல்லாகிவிடலாம். மழைக்காலத்துத் தாம்பரத்தில் மின்சாரத்தின் சொல்லை நம்புகிறவர் யார்? யூ.பி.எஸ்.ஸில் இணைத்துவிட்டு, நாங்கள் நாலு பேரும் திரையில் ஊர்ந்த கோட்டைப் பார்த்துக்கொண்டு நின்றோம். எதிர் வீட்டு அம்மாள் மனசுக்குள் ஏதோ ஸ்லோகம் சொல்லிக்கொண்டிருந்தாள். கோடு முழுமையாயிற்று.

இரண்டாவது கண்டம், பழையதைக் கழற்றுவது. ஏ.எம்.4 பிராஸஸருக்கு அடியில் நூற்றுக்கணக்கான மெல்லிய ஊசிகள். மேலே உள்ள குளிர்விப்பானை நேராகப் பிடித்து இழுத்தால், பேஸ்டின் பிடிப்பில் பிராஸஸரும் கூடவே பிடுங்கிக்கொண்டு வந்துவிடும், ஊசிகள் வளையும். சற்று நேரம் ஓடவிட்டுச் சூடேற்றி, அணைத்துவிட்டு, மெதுவாகத் திருகித் திருகி எடுக்க வேண்டும். பிள்ளையின் கை நடுங்கியது.

“தள்ளுடா” என்றார் நண்பர். முப்பத்தைந்து வருஷம் போல்ட்டும் நட்டும் திருகின கை அது. ஒரு பக்கம் அரைத் திருகு, மறு பக்கம் அரைத் திருகு, ஒரு சின்னக் ‘களுக்’. ஊசி ஒன்றுகூட வளையாமல் வந்துவிட்டது. பிள்ளை புதியதை மூலையிலிருந்த முக்கோணக் குறி பார்த்துக் குழியில் இறக்கினான். அமுக்க வேண்டியதில்லை, தானே அமர்ந்தது. ‘எதற்கு மாற்ற வேண்டும்’ என்றவரும், ‘எல்லாவற்றையும் மாற்ற வேண்டும்’ என்றவனும் ஒரே டார்ச் வெளிச்சத்தில் குனிந்து நின்றதை நான் பார்த்துக்கொண்டிருந்தேன். கழற்றின பழைய பிராஸஸரைப் புதியதன் டப்பாவில் வைத்து மூடி, நண்பர் தம்முடைய பீரோவில் பத்திரப்படுத்திவிட்டார். ரயில்வேக்காரர்கள் எதையும் தூக்கிப் போடுவதில்லை.

நண்பர்கள் சிலர் இப்போது என்னிடம் வந்து, ‘எங்கள் கம்ப்யூட்டரையும் மாற்றலாமா?’ என்று யோசனை கேட்கிறார்கள். நான் அவர்களைத் திருப்பிக் கேட்கிறேன்: நீங்கள் எதற்காகக் காத்திருக்கிறீர்கள்? கடைக்காரர் ‘30 சதவீதம் அதிக வேகம்’ என்கிறாரே, எதில் அதிகம்? உங்கள் திரை விநாடிக்கு 60 படம்தான் காட்டும் என்றால், பிராஸஸர் 140 படத்துக்கு வழி பண்ணினாலும் மிச்சம் 80-ஐ நீங்கள் பார்க்கப்போவதில்லை. நீங்கள் ஆடுகிற விளையாட்டில் கிராபிக்ஸ் கார்டுதான் திணறுகிறதென்றால், புதுப் பிராஸஸர் அதன் பக்கத்தில் நின்று விசிறிக்கொண்டிருக்கும். காத்திருப்பு எதுவும் இல்லையென்றால் பணம் பாங்கியிலேயே இருக்கட்டும். காத்திருப்பு உண்டு, அதன் காரணம் பிராஸஸர்தான் என்று அளந்து தெரிந்துவிட்டதென்றால், அடுத்த வருஷத்துக்கென்று தள்ளிப்போட்டு இந்த வருஷத்துச் சனிக்கிழமைகளை இழப்பதில் சிக்கனம் ஒன்றும் இல்லை. பையனுக்கு இப்போது வயசு எட்டு. அவன் மாமாவோடு விளையாட ஆசைப்படுகிற வருஷங்களுக்கு மாதத் தவணை கிடையாது.

அந்தச் சனிக்கிழமை இரவே எட்டுக் கட்சி யுத்தம் நடந்தது. முக்கால் மணி நேரம் போயிற்று. ஒரு மணி நேரம் போயிற்று. திரிசடைக் கப்பல்கள் அணிவகுத்து வந்தன. தாம்பரத்து மீட்டரில் பிராஸஸர் வேர்க்கவே இல்லை. இருந்தும், கடைசிக் கோட்டையை முற்றுகை போடும்போது யுத்தம் மறுபடியும் கொஞ்சம் தயங்கியது. பழைய தவழ்தல் அல்ல, லேசான நொண்டல். பிள்ளை பதறிப்போய் அளந்து பார்த்தான். இந்த முறை காக்க வைத்தது தாம்பரம் அல்ல. டொராண்டோவில் அக்கா வைத்திருந்த மடிக் கம்ப்யூட்டர்.

நண்பர் மைக்கின் பக்கம் குனிந்தார். “ஏம்மா, அதுக்குள்ள தூசி இருக்கான்னு முதல்ல திறந்து பாரு. புதுசு வாங்கறேன்னு மாப்பிள்ளை சொன்னார்னா, அளந்து பார்த்துட்டு வரச் சொல்லு!” என்றார்.